கண்காட்சி முடிந்த பிறகும் திறந்திருக்கும் வீடு

(மாணவர்களும் இளம் கலைஞர்களும் கூடிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வருகிற ஏப்ரலில் நாம் நடத்தப்போகும் கண்காட்சியை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கத்தான் இன்று கூடியிருக்கிறோம். நகரத்தின் நடுவில் ஒரு கலைக்கூடத்தை ஒரு வாரம் வாடகைக்கு எடுக்கலாம் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நல்ல விளக்கு, குளிர்சாதன வசதி, பத்திரிகையாளர்கள் எளிதில் வந்துபோகும் இடம். அதே பணத்தை வைத்து, நாம் இரவுப் பாடசாலை நடத்தும் காலனியிலேயே ஒரு சின்ன வீட்டை எடுத்து, ஒரு வருடம் முழுக்கத் திறந்து வைக்கலாம் என்று நான் சொல்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

கறுப்பின மக்கள் தங்களுக்காக உருவாக்கிக்கொண்ட கலை மையங்களைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் அமைப்புக்குப் பெயர் தேடியபோது அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்ட நமக்கு, அவர்கள் இடங்களை எப்படி உருவாக்கினார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு கசப்பான கதை. 1969இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹார்லெம் பகுதியைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. ஹார்லெம் கறுப்பின மக்களின் தலைநகரம் என்று சொல்லப்படும் இடம். சுவர் சுவராகப் பெரிய புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள், கூட்டமான கூட்டம். ஆனால், ஹார்லெமில் வாழ்ந்து வரைந்துகொண்டிருந்த கறுப்பினக் கலைஞர்களின் ஓவியம் ஒன்றுகூட, சிற்பம் ஒன்றுகூட அங்கே இல்லை. கலைஞர்கள் அருங்காட்சியகத்தின் வாசலில் பதாகை ஏந்தி நின்றார்கள். எங்கள் முகம் வேண்டும், எங்கள் கை வேண்டாமா என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். அதற்கு முந்தைய ஆண்டு, 1968இலேயே, அதே ஹார்லெமில் ஒரு வாடகை மாடியில் ஸ்டுடியோ மியூசியம் திறக்கப்பட்டிருந்தது. கலைஞர்கள் அங்கேயே தங்கி வேலை செய்வது அதன் அடிப்படைகளில் ஒன்றாக ஆனது.

நம் கதையும் இதுதானே? சேரியை வரைந்த ஓவியத்துக்கு இங்கே விலை உண்டு. சேரியில் ஓவியம் வரைபவருக்கு உட்கார்ந்து வரைய ஓர் அறை கிடையாது.

இப்போது ஹூஸ்டனுக்கு வருகிறேன். டெக்சாஸ் மாநிலத்தின் பெரிய நகரம். அங்கே தேர்டு வார்டு என்பது கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. ரிக் லோவ் என்ற கலைஞர் 1980களில் ஹூஸ்டனுக்கு வந்தார். போலீஸ் வன்முறை, வறுமை போன்றவற்றைப் பெரிய பெரிய ஓவியங்களாக வரைந்துகொண்டிருந்தார். 1990 வாக்கில் ஒரு பள்ளி மாணவர் அவருடைய பட்டறைக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாராம். நாங்கள் படும் பாட்டைத்தான் வரைந்திருக்கிறீர்கள், அது எங்களுக்கே தெரியும், படைக்கத் தெரிந்தவர்கள் ஏன் ஒரு தீர்வைப் படைக்கக் கூடாது என்று. லோவ் இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

பதிலைத் தேடிப் போனவர்கள் ஏழு கறுப்பினக் கலைஞர்கள். தேர்டு வார்டில் 1930களில் கட்டப்பட்ட 22 சின்ன மரவீடுகள் பாழடைந்து கிடந்தன. அறைக்குப் பின் அறையாக நேர்கோட்டில் நீளும் குறுகலான வீடுகள். அவற்றை ஷாட்கன் வீடுகள் என்பார்கள். முன்வாசலில் சுட்டால் குண்டு பின்வாசல் வழியாகப் போய்விடும் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. இந்த வடிவம் ஹைதி வழியாக மேற்கு ஆப்பிரிக்காவரை போகிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊரார் கண்ணுக்கு அவை இடித்துத் தள்ளவேண்டிய வீடுகள். ஆனால், அதே நகரத்தில் வாழ்ந்த ஜான் பிக்கர்ஸ் என்ற மூத்த கறுப்பின ஓவியர் அந்த வீடுகளைத்தான் கோயிலைப்போல வரைந்துகொண்டிருந்தார். வாசலில் நிற்கும் பெண்கள், வரிசை வரிசையான கூரைகள். கேவலம் என்று சொல்லப்பட்ட வீட்டில் ஒரு பண்பாடு இருக்கிறது என்று அந்த ஓவியங்கள் சொல்லின. அதை நம்பித்தான் அந்த ஏழு பேரும் 1993இல் ‘புராஜெக்ட் ரோ ஹவுசஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

குப்பையை அள்ளுவதுதான் முதல் வேலை. தேவாலயங்கள், குடும்பங்கள், அருங்காட்சியகப் பணியாளர்கள் என்று ஆளுக்கொரு வீட்டை எடுத்துச் சரிசெய்தார்கள். 1994இலிருந்து அங்கே கண்காட்சிகள் நடக்கின்றன. ஒவ்வொரு தொகுதியையும் ‘சுற்று’ என்கிறார்கள். கலைஞர் ஒருவருக்கு ஒரு வீடு முழுவதும் கொடுக்கப்படும். சில மாதங்கள் அது அவருடைய கையில் இருக்கும். விட்ஃபீல்ட் லவல் என்ற கலைஞர் வீட்டின் உட்சுவர்களிலேயே கரியால் மனிதர்களை வரைந்தார். அங்கே முன்பு வாழ்ந்திருக்கக்கூடிய மூத்தோர் திரும்பி வந்து நிற்பதுபோல. டிரேசி ஹிக்ஸ் என்ற கலைஞர் அந்தப் பகுதி மக்களிடமே கேமராவைக் கொடுத்துவிட்டார். அவர்கள் எடுத்த படங்கள்தான் கண்காட்சி. பார்க்க வந்தவர்கள் தங்கள் சொந்தக்காரர்களை அந்தப் படங்களில் தேடினார்கள். கறுப்பின மக்களின் இசையும் நடனமும் பெருகிய எல்டொராடோ பால்ரூம் என்ற 1939ஆம் ஆண்டு அரங்கம் பின்னர் மூடிக்கிடந்தது. அது 1999இல் இந்த அமைப்பிடம் வந்தது. பழுதுபார்க்கப்பட்டு 2023இல் மறுபடி திறக்கப்பட்டது.

இதுவரை சொன்னதை மட்டும் கேட்டால், நல்லதொரு கலை மையம் என்று கைதட்டிவிட்டுப் போகலாம். இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். 22 வீடுகளையும் அவர்கள் ஓவியத்துக்கு ஒதுக்கவில்லை. சில வீடுகளைத் தனியாகக் குழந்தை வளர்க்கும் இளம் தாய்மார்களுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் அங்கே தங்கிப் படிக்கலாம். முன்வரிசையில் கண்காட்சி, பின்வரிசையில் குழந்தைகள் விளையாடும் வீடு. 1990களில் அங்கே தன் மகனோடு தங்கியவர்களில் ஒருவர் அசாட்டா ரிச்சர்ட்ஸ். சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்று, அதே தேர்டு வார்டுக்குத் திரும்பி வந்து அமைப்பாளராக வேலை செய்கிறார். கண்காட்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று வருகைப் பதிவேட்டில் எழுதுகிறோமே, இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

2003இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வாடகை வீடு கட்டிக்கொடுக்கத் தனியாக ஓர் அமைப்பையும் உருவாக்கினார்கள். ஏன் தெரியுமா? பகுதி அழகானதும் நிலத்தின் விலை ஏறத் தொடங்கியது. நகரத்தின் மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிலம் அது. புது அடுக்குவீடுகள் முளைத்தன. கலை வந்தால் காசுள்ளவர் வருவார், காசுள்ளவர் வந்தால் ஏற்கெனவே இருந்தவர் போகவேண்டி வரும். கலைஞர்களே தங்களை அறியாமல் அந்த வேலைக்குக் கருவியாகலாம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு கலையைப் பேச முடியாது என்பதை ஹூஸ்டன் அப்படித்தான் கற்றுக்கொண்டது.

அந்த மண்ணுக்கு அது புதிய பாடமும் இல்லை. டெக்சாசில் அடிமைகளாக இருந்தவர்களுக்கு விடுதலைச் செய்தி 1865 ஜூன் 19 அன்றுதான் வந்து சேர்ந்தது. ஏழே ஆண்டில், 1872இல், அந்த மக்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, ஜாக் யேட்ஸ் என்ற போதகரின் தலைமையில், விடுதலை நாளைக் கொண்டாடுவதற்கென்றே 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். விழா நடத்த இன்னொருவரிடம் இடம் கேட்டு நிற்கக் கூடாது என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. அதுதான் இன்றைய எமன்சிபேஷன் பூங்கா. தேர்டு வார்டில்தான் இருக்கிறது.

இங்கே அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1892இல், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் நம் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அது யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1994இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்த நிலத்தில் மக்கள் முதலில் கொண்டுபோய் வைத்தது அம்பேத்கர் சிலையை. அதாவது ஒரு கலைப்படைப்பை.

கண்ணகி நகரையும் பேசிவிடுகிறேன். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட மக்களை 2000க்குப் பிறகு நகரத்தின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்த இடம். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள். 2020இல் அங்கே கட்டடங்களின் வெளிச்சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. வரைந்தவர்களின் உழைப்பையும் நோக்கத்தையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். பகுதியின் மீதிருக்கும் களங்கத்தைத் துடைப்பதாகச் சொன்னார்கள். ஆனால், களங்கம் சுவரிலா இருக்கிறது? முகவரியைப் பார்த்ததும் வேலை இல்லை என்று சொல்கிறவர் மனதில் இருக்கிறது. வெளிச்சுவரில் வண்ணம் தீட்டுவதற்கும், ஒரு வீட்டின் சாவியை அந்தப் பகுதிப் பெண்ணிடம் கொடுத்து, உள்ளே என்ன நடக்கவேண்டும் என்று நீ சொல் அக்கா என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஹூஸ்டன் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அந்த அமைப்பும் அறக்கட்டளைகளின் பணத்தில்தான் ஓடுகிறது. வீடுகளைச் சரிசெய்ய உதவியவர்களில் எண்ணெய் நிறுவனமும் உண்டு. 2020இல் மினியாபொலிஸ் நகரத்தில் போலீஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே இறந்துபோன ஜார்ஜ் ஃபிளாய்ட் வளர்ந்தது இதே தேர்டு வார்டில்தான். மேலே சொன்ன ஜாக் யேட்ஸின் பெயரைத் தாங்கிய பள்ளியில்தான் படித்தார். கலை வீடு ஒரு உயிருக்குக் கவசமாகாது. மக்கள் துக்கத்தோடும் கோபத்தோடும் கூடிப் பேச ஓர் இடம் அங்கே ஏற்கெனவே இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம். அது சின்ன விஷயம் இல்லை.

சரி, நமக்கு என்ன செய்யமுடியும்? 22 வீடுகள் நம்மிடம் இல்லை. ஒரு வீடு எடுக்கலாம். அதற்கு நான்கு நிபந்தனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, சாவி காலனிக்காரர்களிடம் இருக்கவேண்டும். இரண்டு, எந்தக் கண்காட்சி நடந்தாலும் மாலையில் இரவுப் பாடசாலை நிற்கக் கூடாது. ஓவியத்துக்காகப் பிள்ளைகளை வெளியே உட்காரவைத்தால் நாம் வந்த வேலையே கெட்டது. மூன்று, வெளியிலிருந்து வரும் கலைஞர் அங்கே குறைந்தது ஒரு மாதமாவது தங்கவேண்டும். படம் எடுத்துக்கொண்டு மாலை ரயிலில் திரும்புகிறவருக்கு அந்த வீடு இல்லை. நான்கு, பறை வாசிக்கிறவர், பந்தல் போடுகிறவர், சுவரெழுத்து எழுதுகிறவர் எல்லோருக்கும் ஓவியருக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு கூலி கொடுக்கவேண்டும். இவர்களைத் தொழிலாளி என்றும் அவரைக் கலைஞர் என்றும் பிரித்ததே சாதிதான்.

பத்திரிகையாளர்கள் காலனிக்கு வருவார்களா என்று கேட்டீர்கள். சிலர் வரமாட்டார்கள். நகரத்துக் கலைக்கூடத்துக்கு வந்து காலனியைப் பற்றி எழுதத் தயாராக இருப்பவருக்குக் காலனிக்கு வரமுடியாது என்றால், அதைத் தெரிந்துகொள்வதும் நமக்கு நல்லது. நகரத்தில் வைத்தால் நம் மக்களே வரமாட்டார்களே, அதற்கு என்ன செய்வது? இரண்டு பேருந்து மாறி, வேலை நாளில் ஒரு நாள் கூலியை விட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவலாளி தன்னை என்ன கேட்பாரோ என்ற தயக்கத்தோடு எந்த ஆயா தன் பேத்தி வரைந்த படத்தைப் பார்க்க வருவார்?

வாடகைக் கணக்கை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கலைக்கூடத்தின் ஒரு வாரமும் காலனி வீட்டின் ஒரு வருடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தாளை உங்கள் கைக்கு அனுப்புகிறேன். பார்த்துவிட்டு விவாதத்தைத் தொடங்கலாம்.