மணி அடிக்கும் முன் அரை மணித்தியாலம்

(கண்டி மாவட்டத் தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் பிரட்டுக்குப் புறப்படும் நேரத்திலேயே நம் பிள்ளைகளும் பாடசாலைக்குப் புறப்படுகிறார்கள். பாடசாலை தொடங்குவது 7.30க்கு. ஆனால் மேல் டிவிசனிலிருந்து இறங்கும் பிள்ளைகள் பலர் ஏழு மணிக்கே கேட்டடியில் நிற்கிறார்கள். அந்த அரை மணித்தியாலத்தில் ஓட்டம், கரப்பந்து, வலைப்பந்து என்று பயிற்சி கொடுக்க வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

“மலை ஏறி இறங்கும் பிள்ளைக்கு உடற்பயிற்சி எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். நாள் முழுக்கக் கொழுந்து சுமக்கும் நமக்குத் தெரியும், சுமை வேறு, பயிற்சி வேறு. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புத்தகப் பையோடு வெறும் வயிற்றில் நடப்பதை அந்தக் கணக்கில் போட்டுத் தப்பிக்கக் கூடாது.

ஆகவே முதலில் சாப்பாடு. வெறும் தேத்தண்ணியோடு வரும் பிள்ளையை ஓடச் சொன்னால் மயங்கி விழும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. நம் நாட்டுப் பாடசாலை உணவுத் திட்டமோ பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனால் பசி நின்றுவிடுமா?

அடுத்தது மைதானம். 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வந்த நாள் முதல், சமதரையெல்லாம் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் போனது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. ஆனாலும் தோட்டக் காணியில் பெரும்பகுதி அரசின் காணிதான். ஒரு கரப்பந்துத் திடலுக்கு இடம் கேட்பது பிச்சை அல்ல.

மூன்றாவது, முன்கூட்டியே வரும் ஆசிரியருக்குக் கொடுப்பனவு. நம் பிள்ளைகள் படிக்கும் மாகாணப் பாடசாலைகள் 13ஆம் திருத்தத்தின்படி மத்திய மாகாண நிர்வாகத்தின் பொறுப்பு. பந்துக்கும் சப்பாத்துக்கும் பெற்றோரிடம் உண்டியல் குலுக்க நாம் விடக்கூடாது. நாட்சம்பளத்தில் ஏற்கனவே அரிசிக்கும் மாவுக்கும் இழுபறி.

கோரிக்கை எழுதினால் மட்டும் போதாது, கையில் கணக்கு வேண்டும். ஒவ்வொரு தலைவரும் தலைவியும் உங்கள் பாடசாலை வாசலில் ஒரு வாரம் நில்லுங்கள். ஏழு மணிக்கு முன் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், சாப்பிடாமல் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கோடு கண்டிக்குப் போய் அதிகாரிகள் முன் உட்காருவோம்.

சம்பளத்துக்காக ஒன்றுசேர்ந்த நாம், பிள்ளைகளின் காலைப் பொழுதுக்காகவும் ஒன்றுசேர்வோம்.