மட்டாஞ்சேரியில் ஒரு காலை நடை

(எர்ணாகுளத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னிடம், "மட்டாஞ்சேரி போய் வந்தீர்களே, அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கோ" என்றார். பத்து நிமிஷத்தில் முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஆகவே யாரும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். எர்ணாகுளத்தில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். மட்டாஞ்சேரிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எல்லாம் அரிசி, மிளகு, ஏலக்காய் வாங்கத்தான். டில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் உறவினர்கள் வந்தால், "டச்சு அரண்மனை பார்த்துட்டு வாங்கோ" என்று ஆட்டோவில் ஏற்றி விடுவேனே தவிர, நான் உள்ளே போனதில்லை. வீட்டு வாசலில் இருக்கிற கோயிலுக்குப் போகாதவன் கதைதான்.

இந்த முறை பதினான்கு பேர் சேர்ந்தோம். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். ஹைகோர்ட் ஜெட்டியில் வாட்டர் மெட்ரோ ஏறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, ஆட்டோவில் மட்டாஞ்சேரி. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் சரித்திரத்தில் எம்.ஏ. படித்த ஒரு மலையாளப் பெண். எங்கள் வேகத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இரண்டு மணி நேரம் என்று சொன்னது மூன்று ஆகும், பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றோம். மூன்றரை ஆயிற்று.

மட்டாஞ்சேரி ஒரு காலத்தில் ராஜதானி என்பது அந்தச் சந்துகளைப் பார்த்தால் தோன்றாது. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்து, இங்கே கடல் வாய் திறந்தது என்பது பொதுவாகச் சொல்லும் வரலாறு. கொடுங்கல்லூர் வட்டாரம்தான் நம் சங்கப் பாடல்களில் வரும் முசிறி. வெள்ளத்துக்குப் பிறகு வியாபாரம் தெற்கே நகர்ந்தது. பின்னாலேயே 1405 வாக்கில் பெரும்படப்பு ஸ்வரூபமும் நகர்ந்து கொச்சிக்கு வந்தது. ராஜாவைத் தேடி வியாபாரி வருவதுதான் வழக்கம். இங்கே மிளகு போன இடத்துக்கு ராஜா போனார். பிறகு 1500-ல் போர்த்துகீசியர், 1663-ல் டச்சுக்காரர், 1795-ல் ஆங்கிலேயர். இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் வருவது, விட்டு விடுகிறேன்.

அரண்மனைக்கு வருவோம். டச்சு அரண்மனை என்று பெயர், கட்டியவர் போர்த்துகீசியர், கட்டிய பாணி கேரளத்து நாலுகெட்டு! 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டி வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். 1663-க்குப் பிறகு டச்சுக்காரர் பழுது பார்த்தார்கள். பழுது பார்த்தவன் பெயர் நின்றுவிட்டது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

மாடியில் பள்ளியறை. சுமார் முன்னூறு சதுர அடிச் சுவர் முழுக்க ராமாயணம். தசரதரின் புத்ரகாமேஷ்டியில் ஆரம்பித்து ராமர் திரும்பி வருவது வரை, இடைவெளி விடாமல் எழுதியிருக்கிறார்கள். எங்கே ஒரு காட்சி முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. எங்களுடன் வந்த மாமிகள் இருவர் அந்த வேலையை எடுத்துக் கொண்டார்கள். வழிகாட்டிப் பெண் பேசுவதை நிறுத்திவிட்டு அவர்கள் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தார். நான் ரசாயனம் படித்தவன் என்பதால் என் கண் வேறு இடத்தில் போயிற்று. காவியும் மஞ்சளும் மண்ணிலிருந்து எடுத்தவை. கறுப்பு விளக்குப் புகைக்கரி. வேப்பம் பிசினில் குழைத்துப் பூசுவார்கள். வெள்ளை என்று தனியாகச் சாயம் கிடையாது, தீட்டாமல் விட்ட சுண்ணாம்புச் சுவர்தான் வெள்ளை. இந்த ஈரக் காற்றில், இத்தனை மழையில், முன்னூறு நானூறு வருஷம் நின்றிருக்கிறது. என் வீட்டில் டிஸ்டம்பர் மூன்று வருஷம் தாங்குவதில்லை. தரையும் கறுப்பு சலவைக்கல் போலப் பளபளக்கிறது. தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது என்றார் அந்தப் பெண். முட்டை என்றதும் எங்களில் ஒருவர் சட்டென்று காலைத் தூக்கிக் கொண்டார்!

பட்டாபிஷேக மண்டபத்தில் ஒரு விஷயம் சொன்னார்கள். கொச்சி ராஜாக்கள் கிரீடத்தைத் தலையில் வைத்துக் கொள்வதில்லையாம். ஸாமூதிரியிடம் இழந்த பூர்வீக பூமியான வன்னேரியை மீட்கும் வரை கிரீடம் சூடுவதில்லை என்று சபதம். அது மீளவே இல்லை. அதனால் கிரீடம் மடியில்தான் இருந்ததாம்.

நாலுகெட்டின் நடு முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில். ராஜ குடும்பத்தின் குலதெய்வம். அந்த வளாகத்தை ஒட்டியே யூதர்களின் பரதேசி ஜெபாலயம். இந்தப் பக்கம் மணி அடித்தால் அந்தப் பக்கம் கேட்கும். 1568-ல் கட்டியது. 1662-ல் போர்த்துகீசியர் சேதப்படுத்த, டச்சுக்காரர் வந்த பிறகு 1664-ல் புதுப்பித்தார்கள். 1760-ல் மணிக்கூண்டு, 1762-ல் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளைத் தரை ஓடுகள். எல்லாம் கையால் வரைந்தவை, ஆகையால் ஒன்று போல் இன்னொன்று இராது என்பார்கள். குனிந்து பார்த்தேன். எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் கட்டிடத்தைவிட என்னை நிறுத்தியது அவர்களுடைய செப்பேடு. அசலை நான் பார்க்கவில்லை, படத்தில்தான் பார்த்தேன். சேரமான் பாஸ்கர ரவி வர்மா, சுமார் கி.பி. 1000-ல், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்குக் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. பாஷை நமக்கு அந்நியமே இல்லை, தமிழும் மலையாளமும் பிரியாத காலத்து நடை. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும் எழுபத்திரண்டு சலுகைகளும் கொடுக்கிறது. பகல் விளக்கு, நடைவிரி, பல்லக்கு, குடை, தோரணம், வரி விலக்கு. அதுவும் பரம்பரை பரம்பரையாக.

முப்பத்தாறு வருஷம் அரசு ஆணைகளோடு வாழ்ந்தவன் நான். இதைப் படித்தால் அசல் ஜி.ஓ. தான். உத்தரவிட்டவர் பெயர், இடம், வருஷம், பயனாளி, சலுகை விவரம், வாரிசு, கடைசியில் சாட்சிகள். வேணாடு, ஏறாள நாடு, வள்ளுவ நாடு என்று அண்டை நாட்டுத் தலைவர்களே சாட்சி. வருஷத்தை மட்டும் 'இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு' என்று போட்டிருக்கிறார்கள். கூட்டினால் ராஜா பட்டத்துக்கு வந்த முப்பத்தெட்டாம் வருஷம். எந்த ஆடிட்டரும் ஆட்சேபணை எழுப்ப முடியாது! ஆயிரம் வருஷம் கழிந்து, 2017-ல் நம் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது அந்நாட்டுப் பிரதமருக்குக் கொடுத்த பரிசு இந்தச் செப்பேடுகளின் பிரதிதான். கொடுங்கல்லூரிலிருந்து கொச்சிக்கு ஓடி வந்தபோதும், போர்த்துகீசியர் துரத்தியபோதும் அவர்கள் இதை விடவில்லை.

ஒரு கசப்பான விஷயமும் உண்டு. எங்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பரதேசி யூதர்கள் என்றால் பின்னாளில் ஸ்பெயின் போன்ற இடங்களிலிருந்து வந்தவர்கள். தங்கள் வீட்டு அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் சந்ததியாரை அவர்கள் ஜெபாலயத்துக்குள் சமமாக உட்கார விடவில்லை. அந்தச் சந்ததியில் வந்தவர் ஏ.பி. ஸேலம் (1882–1967). வக்கீல், காங்கிரஸ்காரர். அதே ஜெபாலயத்தில் ஸத்யாக்ரஹம் செய்து உரிமை வாங்கினார். யூத காந்தி என்று பெயர். வழிகாட்டிப் பெண் இதைச் சொன்னதும் எங்களில் ஒருவர், "எல்லா இடத்திலும் இப்படித்தானா?" என்றார். வேறு யாரும் பேசவில்லை. திருவிதாங்கூரில் கோயில் நுழைவு 1936-ல் வந்தது. கொச்சி ராஜ்யத்தில் அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ராஜ்யத்தில் டி. விஜயராகவாச்சாரியார், டி.எஸ். நாராயண ஐயர் என்று நம்மவர்கள் திவான்களாக இருந்திருக்கிறார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோம். பெருமைப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் படித்துத்தான் ஆக வேண்டும். பரதேசி என்ற சொல்லும் நமக்குப் புதிதல்ல. மலையாளத்தில் நம்மையும் பரதேசி பிராமணர் என்றுதான் எழுதினார்கள்.

அந்த ஜெபாலயத்தில் முழு வழிபாடு நடக்க வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். 2019 ஆகஸ்டில் தொண்ணூற்றாறு வயதில் அந்தத் தெருவின் மூதாட்டி ஒருவர் காலமானார். அடுத்த மாதமே அதே மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் ஜெபாலயத்தின் முகப்பு மழையில் இடிந்து விழுந்தது. இப்போது ஓரிருவரே மிச்சம். வெளியூரிலிருந்து யாராவது வந்தால்தான் பத்து சேரும். நம் கிராமங்களில் ஏகாதச ருத்ரத்துக்குப் பதினோரு பேர் சேர்க்கப் படுகிற பாட்டை நினைத்துக் கொண்டேன்.

வெளியே வந்தால் மிளகு வாசனை. 1957 முதல் மிளகுக்கு முன்பேர வியாபாரம் நடத்திய சங்கம் இந்த யூதத் தெருவில்தான். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை 1819-ல் பிரித்தெடுத்தவர் ஓர்ஸ்டெட். அடுத்த வருஷம், மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்று கண்டுபிடித்தவரும் அவரே. பௌதிகக்காரர்கள் அவரைத் தங்களுடையவர் என்பார்கள், நாங்கள் விடுவதாக இல்லை.

செர்லாயில் கொங்கணி பிராமணர்களின் திருமலைக் கோயிலுக்கும் போனோம். கோவாவில் 1560-ல் ஆரம்பித்த மத விசாரணைக்குத் தப்பி வந்தவர்கள் பலர். வந்த இடத்திலும் நிம்மதி இல்லை. 1791-ல் சக்தன் தம்புரானோடு பகைத்துக் கொண்டு விக்ரஹத்தோடு திருவிதாங்கூர்ப் பக்கம் போனார்கள். பெருமாள் திரும்பியது 1853-ல். டச்சு கவர்னர் வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற தாவர நூலுக்கு உதவிய ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் மூவரும் இவர்களைச் சேர்ந்தவர்கள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்கள், 742 தாவரங்கள். மூலிகைகளை அதிகம் சொல்லிக் கொடுத்தவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவர் வீட்டு ஓலைச்சுவடி இன்று இல்லை என்கிறார்கள். அந்நிய தேசத்தில் அச்சான புத்தகத்தில்தான் அவர் கையெழுத்து இருக்கிறது.

திரும்பும் வழியில் ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிகானா. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் சந்ததியார் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள், தமிழ் பேசுகிறார்கள். ஒரு பெரியவர் என்னிடம், "சாமிக்கு எந்த ஊரு?" என்றார். பூர்வீகக் கிராமத்தைச் சொன்னேன். "அங்க எத்தனை தலைமுறை?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் தன் அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று விரல் விட்டு ஐந்து பேர் சொன்னார், யார் எந்தத் தொட்டியில் நின்றார் என்பது உட்பட.

இதற்கு மேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பல வருஷங்களுக்கு முன் எங்கள் கிராம ஸமூஹத்தில் நான் பொக்கிஷதாரர். ஸமூஹ மடத்துப் பரணில் இரண்டு மரப்பெட்டி நிறையப் பழைய கணக்குப் புஸ்தகங்கள். ரதோத்ஸவ வரவு செலவு, ஸமாராதனைக்கு எந்த வீட்டிலிருந்து எவ்வளவு அரிசி, எந்தக் குடும்பம் எந்த வருஷம் வந்தது, யார் எந்த ஊருக்குப் போனார்கள், எல்லாம். கரையான் பிடித்தது, இடம் அடைக்கிறது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டோம். பழைய பேப்பர்காரர் எடுத்துப் போனார். ரசீதில் கையெழுத்துப் போட்டது நான். ஆவணம் அழிப்பதற்கு எத்தனை விதி உண்டு என்று ஆபீஸில் மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தவன்! அன்று ஒரு விதியும் ஞாபகம் வரவில்லை. இன்று அந்தக் கிராமத்தில் எங்கள் வீடு இருந்த இடத்தில் வேறு கட்டிடம். என் பேரன் டொரோன்டோவிலிருந்து, "தாத்தா, நாம் எங்கேயிருந்து அங்கே வந்தோம்?" என்று கேட்டால் சொல்ல என்னிடம் காகிதம் இல்லை.

ஜெட்டியில் படகுக்குக் காத்திருந்தபோது இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் ஸமாதானம் எதுவும் சொல்லவில்லை. "ஒன்றுகூட மிச்சம் இல்லையா அங்கிள்?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்தேன். என் தகப்பனார் ஏதோ காரணத்துக்காக வாங்கி வைத்திருந்த ஒரு நோட்டுப் புஸ்தகம் அகப்பட்டது. கொல்லம் 1098, துலாம் மாதம். பாதி தமிழ் எழுத்து, பாதி மலையாளம். நாற்பத்தோரு வீட்டுப் பெயர், எதிரே நெல் அளவு. நாலாவது பெயர் என் தாத்தா.

அதை என் மருமகள் ஸ்கேன் செய்து கொடுத்தாள். ஒரு பிரதி காரியதரிசியிடம் இருக்கிறது. உங்கள் பரணிலும் பெட்டியிலும் இந்த மாதிரி எது இருந்தாலும், கல்யாணப் பத்திரிகை, பாகப் பத்திரம், ஸமூஹ ரசீது, எதுவானாலும், வெளியூர் அங்கத்தினர்கள் உள்பட, படம் எடுத்து அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். பழைய மலையாள எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து பெயர் கொடுக்கவும். எனக்கு மூன்று வரி புரியவில்லை.

அடுத்த நடை வரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை அரண்மனை கிடையாது, சனிக்கிழமை ஜெபாலயம் கிடையாது. செருப்பைப் பல இடங்களில் கழற்ற வேண்டும், அதனால் வார் வைத்தது வேண்டாம்.