காற்று வீசும் இடமும் விளக்கு எரியும் இடமும்

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



காற்றாலை, சூரிய ஒளி மின்சாரம் பற்றி வகுப்பில் நிறையச் சொல்லித் தருகிறோம். அந்த மின்சாரம் வீடு வந்து சேரும் வழியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்று அந்த வழியைப் பற்றிப் பேசுவோம்.

நிலக்கரியைக் கப்பலில் ஏற்றி எண்ணூருக்குக் கொண்டுவரலாம். காற்றை அப்படிக் கொண்டுவர முடியாது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய் என அது வீசும் இடத்தில்தான் காற்றாலையை நிறுத்த வேண்டும். வெயில் காயும் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. மின்சாரம் அதிகம் தேவைப்படும் சென்னையோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இவ்வளவு தூரம் கொண்டுபோக ஏன் உயர் மின்னழுத்தம்? விடை பாடநூலிலேயே உள்ளது. ஜூல் விதிப்படி கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும். அதே திறனை இரட்டிப்பு அழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும். இழப்பு நான்கில் ஒன்றாகும். 400, 765 கிலோவோல்ட் கோபுரங்கள் நிற்பதற்குக் காரணம் இந்தச் சிறு கணக்குதான்.

அடுத்தது காலக் கணக்கு. சூரிய மின் நிலையத்தை ஓரிரு ஆண்டில் அமைத்துவிடலாம். நிலம், அனுமதி, துணைமின் நிலையம் எல்லாம் கூடிவர, நெடுந்தூர மின்பாதைக்கு அதைவிட அதிகக் காலம் பிடிக்கும். ஆகவே பாதையை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். 2010களின் தொடக்கத்தில் நம் மாநிலத்தில், நல்ல காற்றுக் காலத்திலேயே காற்றாலைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. அந்த மின்சாரத்தை ஏற்றுச் செல்லப் போதிய பாதை இல்லாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதை வழியாகத் தென்மண்டலம் நாட்டின் பொது மின்தொகுப்போடு இணைந்தது. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை வந்தது. அதன் திறன் 6,000 மெகாவாட். இங்கே காற்று ஓய்ந்தால் வடக்கிலிருந்து மின்சாரம் வரும்; காற்று மிகுந்தால் இங்கிருந்து வடக்கே போகும்.

ஆனால் கோபுரம் யாரோ ஒருவருடைய வயலில்தானே நிற்க வேண்டும்? கம்பிக்குக் கீழே தென்னை வளர்க்க முடியாது. 2018இல் மேற்கு மாவட்ட விவசாயிகள் போராடினார்கள். சாலையோரமாக நிலத்தடியில் கம்பிவடம் பதிக்கலாமே என்று கேட்டார்கள். அதற்குச் செலவு பல மடங்கு என்பது உண்மை. புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் பாதையின் ஒரு பகுதி நிலத்தடியில்தான் செல்கிறது என்பதும் உண்மை.

இதை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லுங்கள். தமிழ்நாட்டு வரைபடத்தைக் கொடுத்து, ஆரல்வாய்மொழியிலிருந்து சென்னைக்கு ஒரு மின்பாதை வரையச் சொல்லுங்கள். குளம், காடு, வயல், ஊர் எதுவும் விடுபடக் கூடாது. ஒரு குழு பொறியாளர்களாகவும், ஒரு குழு விவசாயிகளாகவும், ஒரு குழு மின்வெட்டில் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களாகவும் பேசட்டும். முடிவை நாம் சொல்ல வேண்டாம். தூய மின்சாரத்தின் பயன் எல்லோருக்கும் என்றால் அதன் சுமையை யார் ஏற்பது, அவர்களுக்கு நாம் என்ன கொடுப்பது என்று அவர்களே கேட்கத் தொடங்கினால், அறிவியல் பாடமும் குடிமையியல் பாடமும் ஒரே மணி நேரத்தில் நடந்துவிடும்.