சாலையைக் கடக்க ஒன்பது விநாடி
(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



"நம்ம ரோட்டுல நடக்கவே பயமா இருக்கு" என்று எல்லோரும் சொல்கிறோம். மனுவிலும் அப்படியே எழுதிக் கொடுக்கிறோம். நான் வங்கிக் கவுண்டரில் இருந்தவன். தொகை எழுதாத செலான் அங்கே செல்லாது. நம் மனுவிலும் எண் வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். வயதானவர்கள் விநாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார்கள். 7 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அவர்களுக்கு ஏறக்குறைய 9 விநாடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த 9 விநாடியில் 125 மீட்டர் வந்துவிடும். 30 கிலோமீட்டர் வேகம் என்றால் 75 மீட்டர். ஆகவே, கடக்கும் இடத்தில் நின்றால் இருபுறமும் 125 மீட்டர் தெரியவேண்டும். வளைவோ, நிறுத்திய லாரியோ, விளம்பரப் பலகையோ மறைத்தால் ஒன்று மறைப்பை எடுக்கவேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்கவேண்டும்.

அடுத்தது சைக்கிள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாமல் சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டும் பாதையை யார் பார்க்கிறோம்? தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, ஓரத்து மண் பள்ளமாகிவிடுகிறது. பின்னால் ஹாரன் கேட்டு இறங்கும் பிள்ளை சறுக்கி விழும். அந்தப் பள்ளத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள்.

நடைபாதை இருந்தால் அதன் அகலத்தையும் அளக்கவேண்டும். இந்தியச் சாலைக் குழுமத்தின் 2012 வழிகாட்டியின்படி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். கம்பம், கடைப்பலகை, நிறுத்திய பைக் இவற்றைக் கழித்து மீதியை எழுதுங்கள். நம் வீட்டு வாசல் சாய்தளமும் இந்தக் கழிவில் சேரும்!

மனு கொடுக்குமுன் அந்தச் சாலை பேரூராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இடம் மாறிக் கொடுத்தால் நாள்தான் வீணாகும்.

வரும் ஞாயிறு காலை டேப், கடிகாரம், நோட்டுடன் தெருவுக்கு இருவர் வாருங்கள். கூடவே ஒரு பெரியவரையும் பள்ளிப் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். அவர்கள் கடக்கும் நேரம்தான் நமக்கு அளவு. ஆடி மாதம் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குக் கூட்டம் போகும் ஒரு ஞாயிறன்றும் மறுபடி அளப்போம். இரண்டையும் சேர்த்துக் கொடுப்போம்.