மலைநாட்டுத் தப்பு

பதுளை நகரை விட்டுப் பசறைப் பாதையில் செல்வோரைத் தேயிலைச் சரிவுகள் வரவேற்கின்றன. நமுனுகுலை மலை மேகத்தைச் சூடி நிற்கிறது. இந்த ஊவா மலைகளில் வாழும் தோட்டத் தமிழருக்கென ஒரு வாத்தியம் உண்டு. அதற்கு நரம்பு இல்லை, துளை இல்லை. ஒரு மரவளையமும் ஒரு தோலுமே அதன் உடல். தப்பு என்பது அதன் பெயர்.

நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியர், தெய்வம், உணவு ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறார். குறிஞ்சிக்குரியது தொண்டகப் பறை என்பது மரபு. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கென மன்னார் வழியே காட்டுப்பாதையில் நடந்து வந்த மக்கள், பறையின் மரபையும் உடன் கொணர்ந்தனர். பின்னர் இலைநோயால் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. பயிர் மாறிற்று, தப்பு மாறவில்லை.

வளைந்த மரத்துண்டுகளை இணைத்துச் சட்டமாக்கி, பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். ஒரு கையில் நீண்டு மெலிந்த குச்சி. மறு கையில் குறுகித் தடித்த குச்சி. மலைப்பனியில் தோல் நெகிழ்ந்துவிடும். ஆதலின், அடிப்பதற்கு முன் சருகைக் கொளுத்தி வாட்டுவர். சூடு ஏறியதும் தோல் இறுகி, நாதம் கணீரென எழும்.

அந்த நாதத்துக்கு இரண்டு முகங்கள் இருந்தன. விடியுமுன் லயங்களில் உறங்குவோரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்பே. கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தமது ஆங்கில நெடுங்கவிதையில் இவ்விடியற்கால ஒலியைப் பாடினார். சக்தீ பாலையா அதனைத் தமிழாக்கினார். மாசி மாதத்திலோ அதே தப்பு காமன் கூத்துக்கு முழங்கும். மன்மதனும் இரதியும் ஆடி வர, சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிய, இரதி புலம்ப, நாள்தோறும் அடி மாறும். நாளெல்லாம் வேலைக்கு அழைத்த கருவி, இரவில் அம்மக்களின் கலைக்கு உயிராயிற்று.

ஆயினும், அதனை அடித்தவர்க்கு மதிப்பு வாய்க்கவில்லை. சாவு வீட்டில் தப்படிப்பது ஒரு சாதியின் கடமை எனச் சுமத்தப்பட்டது. அச்சுமையை வெறுத்த இளைஞர் சிலர் குச்சியைக் கையில் எடுக்கவே மறுத்தனர். அவர்களைக் குறை கூறுதல் நியாயமன்று. கலையை இழிவாக்கியது கருவியன்று, சமூகமே.

பழைய கித்தாரையும் வயலினையும் கண்ணாடிப் பேழையில் வைத்து உலகம் போற்றுகிறது. தப்பையும் அவ்வாறு காட்சிக்கு வைக்கலாம், நன்றே. ஆனால் பேழைக்குள் தோல் குளிர்ந்துவிடும். விரும்பியவர் எவராயினும் தலைநிமிர்ந்து ஏந்தும் கருவியாகத் தப்பு ஆகும் நாளில்தான், அதற்குரிய சூடு மீண்டும் கிட்டும்.