மேடையில் அழைத்த பெயர்



ஆங்கில ஆண்டு டிசம்பரில் முடிகிறது. அரசாங்கத்தின் கணக்காண்டு மார்ச்சு முப்பத்தொன்றில் முடிகிறது. நம் தமிழாண்டு பங்குனிக் கடைசியில் முடிகிறது. இவற்றுள் எதுவும் பள்ளி ஆசிரியனுடைய ஆண்டன்று. அவனுக்கு ஆண்டு பிறப்பது ஜூன் மாதத்தில், புதுப் பாடநூலின் மணத்தோடு. முடிவது ஏப்ரல் மாதத்தில், கடைசி விடைத்தாள் கட்டுக்கு நூல் சுற்றி முடிச்சுப் போட்ட பின். முப்பத்தைந்து ஆண்டுகள் இந்தக் கணக்கிலேயே வாழ்ந்தவனுக்கு, ஓய்வு பெற்ற பின்னும், ஜனவரி முதல் நாளில் எவரேனும் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னால், இப்பொழுதுதானே பாதியில் நிற்கிறோம் என்று தோன்றும்.

நான் கடைசியாகத் தலைமையாசிரியனாயிருந்த உயர்நிலைப் பள்ளி காவிரிப் பாசனப் பகுதியில் உள்ளது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அங்கே நடந்தது. பொங்கல் விடுமுறை கழிந்து, சம்பா அறுவடையும் ஒருவாறு முடிந்து, ஊரில் நெல்லும் கையில் கொஞ்சம் காசும் நடமாடும் காலத்தில்தான் எங்கள் கொண்டாட்டங்கள் தொடங்கும். முதலில் விளையாட்டு விழா. உடற்கல்வி ஆசிரியர் முதல் நாளே சுண்ணாம்புப் பொடியால் ஓடுகளங்களை வரைந்து விடுவார். இரவில் ஊர் மாடுகள் அதன்மேல் நடந்து அழித்து விடும். விடியற்காலையில் மறுபடி வரைவார். சிறு பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி நடத்தல். ஆசிரியர்களுக்கு இசை நாற்காலி. கணக்கு ஆசிரியர் நாற்காலியைத் தவறவிட்டுத் தரையில் அமர்ந்தால் அன்று பள்ளிக்கூடத்துக்கே தீபாவளிதான்.

அதன்பின் ஆண்டு விழா. பந்தலும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு வரும். நாற்காலிகள் பாதி கூட்டுறவுச் சங்கத்திலிருந்தும் பாதி கல்யாண மண்டபத்திலிருந்தும் வரும். நான்கு மணிக்கு விழா என்று அழைப்பிதழில் அச்சிட்டிருப்போம்; சிறப்பு விருந்தினர் ஆறரைக்கு வருவார். அதுவரை, முகத்தில் அரிதாரம் பூசிய பிள்ளைகள் வியர்வை வழியாமல் இருக்க அசையாது அமர்ந்திருக்கும் காட்சி இருக்கிறதே, அதைப் போன்ற தவத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, அதற்கு அடுத்தது தலைமையாசிரியர் ஆண்டறிக்கை வாசித்தல். நான் இன்று பேச வந்தது அந்த அறிக்கையைப் பற்றித்தான்.

ஆண்டறிக்கையை எவரும் கேட்பதில்லை என்பது உலகறிந்த இரகசியம். ஆயினும் அதற்கு ஒரு பெருமை உண்டு. பள்ளி தன் ஊருக்குக் கணக்குக் காட்டும் நாள் அது ஒன்றே. 1958 முதல், கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். முதலமைச்சர் காமராசரும் பல மாநாடுகளுக்கு வந்தார். ஊர் மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் நிலமும் கொடுத்தார்கள். இன்னார் இன்னது கொடுத்தார் என்று மேடையிலேயே அறிவித்தார்கள். என் தந்தையார் அத்தகைய மாநாடு ஒன்றில் ஓர் இரும்பு வாளியும் தண்ணீர்க் குவளையும் கொடுத்ததைச் சாகும் வரை சொல்லிக் கொண்டிருந்தார். கொடுத்ததைக் கணக்கில் சொல்லும் வழக்கம் அவ்வாறு வேரூன்றிய மண் இது. நன்கொடைப் பட்டியல், சாரணர் முகாம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தின் பணி, நட்ட மரக்கன்றுகள் எல்லாம் என் அறிக்கையில் ஒழுங்காக இடம் பெறும். உச்சியில் ஒரு வரி இருக்கும்: அரசுப் பொதுத் தேர்வில் தேர்ச்சி இத்தனை விழுக்காடு. அந்த வரியை வாசிக்கும்போது மட்டும் குரலை உயர்த்துவேன். கை தட்டுவார்கள்.

2004-ஆம் ஆண்டில் அந்த வரி ‘நூற்றுக்கு நூறு’ என்று இருந்தது. அது எப்படி வந்தது என்பதை இப்போது சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் தேற மாட்டார் என்று தோன்றும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்தி வைத்து விட்டால், தேர்வு எழுதுகிறவர் எல்லாரும் தேறுவர். பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. காலத்திலும் ‘செலக்‌ஷன்’ என்ற பெயரில் இப்படி வடிகட்டுவது உண்டு என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வார்கள். எனவே நான் புதிதாக ஒன்றும் செய்து விடவில்லை. முந்திய ஆண்டு சிலரை நிறுத்தினேன். அதன் பயனாக நூறு கிடைத்தது. அதைக் காப்பதற்காக 2004 மே மாதத்திலும் ஏழு பேரை நிறுத்தினேன். தரமுயர்த்தும் நடவடிக்கை என்று ஆசிரியர் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்தேன். அந்த எழுவருள் ஒருத்தி அவ்வாண்டு ஜனவரியில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள். கணக்கில் இருபத்தொன்பது மதிப்பெண். முப்பத்தைந்துக்கு ஆறு குறைவு.

அவ்வாண்டு சிறப்பு விருந்தினரின் நாள் கிடைக்காமையால் ஆண்டு விழா தள்ளித் தள்ளிப் போய், கோடை விடுமுறையும் கழிந்து, ஜூலையில் நடந்தது. நான் அறிக்கை வாசித்தேன். நூற்றுக்கு நூறு என்றேன். கைதட்டல் முன்னெப்போதையும் விட ஓங்கி ஒலித்தது. அடுத்துப் பரிசு வழங்கல். எங்கள் பள்ளியில் பரிசென்றால் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா. உடற்கல்வி ஆசிரியர் ஜனவரியில் எழுதிய பட்டியலையே வைத்துக் கொண்டு பெயர்களை அழைத்தார். நானூறு மீட்டர் ஓட்டம், மாணவியர், முதற்பரிசு என்று சொல்லி அந்தப் பெண்ணின் பெயரை அழைத்தார். எவரும் வரவில்லை. மறுபடி அழைத்தார். விருந்தினர் டப்பாவைக் கையில் ஏந்தியபடி நின்றார். மேடைக்கு எதிரே தரையில் அமர்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிலிருந்து ஒரு சிறுமி எழுந்து நின்று, “அக்கா மில்லுக்குப் போயிடுச்சு சார்” என்றாள்.

உடற்கல்வி ஆசிரியர் அடுத்த பெயரை அழைத்து விட்டார். விழா நடந்தது. நாடகத்தில் அரசனுக்குத் தாடி கழன்று விழுந்தது, எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்திருப்பேன்.

மில் என்பது என்னவென்று இளைய நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பலவற்றில் அக்காலத்தில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஓர் ஏற்பாடு இருந்தது. மணமாகாத இளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக் கொள்வார்கள். ஆலை விடுதியிலேயே தங்க வேண்டும். மாதந்தோறும் சிறு தொகை; மூன்றாண்டும் முடித்தால் மொத்தமாக முப்பதாயிரம், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று தருவதாகப் பேச்சு. அதைக் கொண்டு பெண்ணுக்குக் கல்யாணம் முடிக்கலாம் என்பதால்தான் அந்த மங்கலப் பெயர். இடையில் நோயுற்றோ பொறுக்க மாட்டாமலோ திரும்பி விட்டால் அந்த மொத்தத் தொகை கைக்கு வருவது அரிது. ஆள் சேர்க்கும் தரகர் கிராமங்களுக்கு வருவது எப்போது தெரியுமா? மே மாதத்தில். பள்ளிக் கதவில் தேர்ச்சிப் பட்டியல் ஒட்டிய மறு வாரத்தில். பட்டியலில் பெயர் இல்லாத பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதை அவர் எவரையும் கேட்க வேண்டியதில்லை. நான்தான் கதவிலேயே ஒட்டி வைத்திருந்தேனே!

விழாவுக்கு மறுநாள் சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்து வைத்துக் கொண்டு உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்பில் எங்களுக்கு இரண்டு பிரிவுகள் உண்டு. பத்தாம் வகுப்பில் ஒரே பிரிவு. பல ஆண்டுகளாக அப்படித்தான். கால அட்டவணை போடும்போதெல்லாம், பத்தாம் வகுப்புக்கு ஓர் அறை போதும் என்று நிம்மதியாக எழுதியவன் நான். மற்ற அறையிலிருந்த பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர்மேல் சிவப்பு மைக் கோடு ஒன்று இருந்தது, அவ்வளவே.

அடுத்த ஆண்டு விழாவில் அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்தேன். பெயர் எவருடையதும் சொல்லவில்லை. இரண்டு பிரிவாய்ச் சேர்ந்தவர்கள் ஒரு பிரிவாய் நிற்கிறார்கள். மற்றவர்களில் இத்தனை பேர் ஆலைகளில், இத்தனை பேர் திருப்பூரில் பனியன் தைக்குமிடங்களில், இத்தனை பேர் செங்கல் சூளையில், இத்தனை பேருக்கு மணமாகி விட்டது, இத்தனை பேர் எங்கேயென்று தெரியவில்லை என்று வாசித்தேன். கைதட்டல் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பெரியவர் ஒருவர் விழா முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து, “கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்கலாமா ஐயா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பிள்ளைகள் ஆடிப் பாடும் நாள் அது. ஆனால் ஊர் முழுதும் ஓரிடத்தில் கூடும் வேறு நாள் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் நிறுத்துவதையும் விட்டேன். இதனால் எல்லாம் நலமாக முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. தேர்ச்சி விழுக்காடு இறங்கிற்று. விழுக்காடு குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கென்று ஒரு கூட்டம் நடக்கும். அங்கே நாற்காலிகள் உண்டு, ஆனால் பெயர் வரும்போது எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். நான் சில ஆண்டுகள் நின்றேன். மேலே அனுப்பிய பிள்ளைகளில் சிலர் தவறினர். அவர்களில் சிலர் கோடையிலேயே துணைத் தேர்வு எழுதித் தேறினர். சிலர் தேறவே இல்லை. ஆயினும் பத்தாம் வகுப்பு வரை வந்து தவறியவன் வேறு, ஒன்பதோடு நின்றவன் வேறு. முன்னவன் கையில் ஒரு மதிப்பெண் பட்டியலேனும் இருக்கிறது. எந்தப் பாடத்தில் பாக்கி என்று அதில் எழுதியிருக்கிறது. அதை எடுத்துக் கொண்டு மறுபடி வரலாம்.

பின்னாளில் காலம் பலவற்றை மாற்றிற்று. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் காவல் எட்டாம் வகுப்பு வரையே. ஒன்பதாம் வகுப்பு அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. 2017-இல் தமிழக அரசு பொதுத் தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. நான் மனமார வரவேற்றேன். நூற்றுக்கு நூறு என்ற விளம்பரத் தட்டிகள் மட்டும் இன்னும் பள்ளி வாயில்களை விட்டு இறங்கவில்லை. 2020-இல் கொள்ளைநோயின் காரணமாகத் தேர்வே நடவாமல் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் எல்லாப் பள்ளிக்கும் நூற்றுக்கு நூறு! கைதட்டத்தான் எங்கும் ஒரு விழா இல்லை. 2022 முதல், அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. அந்தப் பட்டியலை இன்றைய தலைமையாசிரியர்கள் விழா மேடைகளில் மகிழ்ச்சியோடு வாசிக்கிறார்கள். வாசிக்கட்டும். இப்போது பெயர்கள் கணினிப் பதிவில் இருப்பதால் சிவப்பு மைக்கும் வேலையில்லை. பிரிவுகளை எண்ணிப் பார்க்கும் வேலை மட்டும் தலைமையாசிரியருக்கு இன்னும் மிச்சமிருக்கிறது.

அந்த டப்பா என்னாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அலுவலக இரும்பு அலமாரியில், பழைய விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் அது இருந்தது. 2007 ஏப்ரலில், முழு ஆண்டுத் தேர்வு நடந்து கொண்டிருந்தபோது அந்தப் பெண் தாயாரோடு வந்தாள். வயதுச் சான்றுக்காக மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றாள். எழுத்தர் நிரப்பிக் கொண்டு வந்தார். பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்ற இடத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்றிருந்தது. நான் பச்சை மையில் கையொப்பமிட்டேன். ஆலையில் பேசிய பணம் வந்ததா என்று கேட்டேன். “பாதி வந்துச்சு சார்” என்றாள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம், கணக்குக்கு நான் பாடம் சொல்கிறேன் என்றேன். அவள் தாயாரைப் பார்த்தாள், தாயார் என்னைப் பார்த்தார், பதில் வரவில்லை.

எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்து கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விட்டு, “இதில் பேர் வெட்டலையா சார்?” என்று கேட்டாள். பள்ளிப் பரிசுகளில் நாங்கள் பெயர் வெட்டுவதில்லை; செலவு கூடும். ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லி விட்டு, மிதிவண்டியில் கடைவீதிக்குப் போனேன். பாத்திரக் கடைக்காரர் பெயரை வெட்டி முடித்து, ஆண்டு எது போடுவது என்று கேட்டார். 2004 என்றேன்.