கார்டு ரீடர் வாங்கப் போறீங்களா? முதல்ல ஒரு நலங்கு கதை கேளுங்க

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

கேமரா, லென்ஸ்னு நிறைய பேசிட்டோம். ஆனா இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒரு சின்ன பொருளைப் பத்தி. "அண்ணா, நல்ல வேகமான கார்டு ரீடர் எது? 100 ரூபாய்க்கும் கிடைக்குது, 3000 ரூபாய்க்கும் கிடைக்குது. என்ன வித்தியாசம்?"

கேள்வி சின்னதுதான். ஆனா இதுக்கு நான் ஒரு விலை கொடுத்திருக்கேன். அதை முதல்ல சொல்லிடறேன்.

என் சொந்த ஊர் கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சி பக்கம், கல்வராயன் மலையோட அடிவாரம். ஊரைத் தாண்டினா கோமுகி அணை, அதைத் தாண்டினா வெள்ளிமலைக்கு ஏறுற ரோடு. சென்னைக்கு வர்றதுக்கு முன்னாடி ஊர்ல ஒரு போட்டோ ஸ்டூடியோவுல உதவியாளா இருந்தேன். லைட் பிடிக்கறது, பேட்டரி சார்ஜ் போடறது, கார்டை லேப்டாப்ல ஏத்தறது, இதெல்லாம் என் வேலை.

ஒரு தடவை மலை மேல ஒரு கிராமத்துல கல்யாணம். முந்தின ராத்திரி நலங்கு. எங்ககிட்ட இருந்தது மொத்தமே ரெண்டு 32 ஜிபி கார்டு. போட்டோவும் வீடியோவுமா ரெண்டுமே ராத்திரியே நிறைஞ்சிடுச்சு. விடிஞ்சா முகூர்த்தம். அதுக்குள்ள ரெண்டையும் லேப்டாப்ல ஏத்தி, காலி பண்ணித் திரும்பக் கொடுக்கணும். ராத்திரி மழை, கரண்ட் இல்லை. லேப்டாப்ல பாதி சார்ஜ்கூட இல்லை. கையில இருந்த ரீடர் பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கின பழைய யூஎஸ்பி 2.0 ரீடர். வினாடிக்கு 20 எம்பி வந்தாலே பெரிய விஷயம்.

விடியக்காலை 4 மணிக்கு உட்கார்ந்தேன். முதல் கார்டு ஏற கிட்டத்தட்ட அரை மணி நேரம். ரெண்டாவது கார்டு முக்கால்வாசி தாண்டும்போது வெளியில மேளச் சத்தம். ஸ்டூடியோ அண்ணன் வாசல்ல நின்னு, "தம்பி, மாப்பிள்ளை கிளம்பிட்டாரு, கார்டைக் குடுப்பா"ன்னு கத்தறாரு. நான் ஃபோல்டரைப் பார்த்தேன். வரிசையா படங்கள் தெரியுது. 'எல்லாம் வந்திருக்கும், கடைசி ரெண்டு மூணுதான் பாக்கி'ன்னு நானே முடிவு பண்ணி, கேன்சல் அமுக்கி, கார்டை உருவிக் கொடுத்துட்டேன். "ஏத்தியாச்சா?"ன்னு கேட்டார். "ஆச்சுண்ணா"ன்னேன். அவர் கேமராவுல போட்டு ஃபார்மேட் பண்ணிட்டு முகூர்த்தம் எடுக்கப் போயிட்டார்.

ஏறாம விட்டது ரெண்டு மூணு இல்லை. நலங்கோட கடைசிப் பகுதி முழுசும். அதுல மாப்பிள்ளையோட பாட்டி, பேரனுக்குச் சந்தனம் பூசி நலங்கு வைக்கிற படங்கள் இருந்தது. ஃபார்மேட் பண்ணின கார்டுல இருந்துகூட படத்தை மீட்கலாம். போட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளே இருக்கு. ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை: அந்தக் கார்டுல புதுசா எதுவும் எடுத்திருக்கக் கூடாது. நாங்க அதே கார்டுல முகூர்த்தம் முழுக்க எடுத்திருந்தோம். கொஞ்சம் படம் மீண்டது. பாட்டி படம் ஒண்ணுகூட வரலை.

அப்போ நான் சொன்ன காரணம், "கார்டு பழுதாயிடுச்சு."

நாலஞ்சு மாசம் கழிச்சு அந்த வீட்டுல இருந்து ஒருத்தர் மலையிறங்கி ஸ்டூடியோவுக்கு வந்தார். பாட்டி தவறிட்டாங்க. மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேணும். "அன்னைக்கு நலங்கு வைக்கும்போது எடுத்தீங்களே, அதுல நல்லா சிரிச்சிருப்பாங்க"ன்னார். எங்ககிட்ட இருந்தது ஒரு குரூப் போட்டோ. மூணாவது வரிசையில, முன்னாடி நிக்கிறவர் தோளுக்குப் பின்னாடி பாட்டியோட முக்கால் முகம். அண்ணன் அதை வெட்டி, பெருசாக்கி, முடிஞ்ச வரைக்கும் சரிபண்ணிக் கொடுத்தார். காசு வாங்கலை. கார்டு பழுதாகலை, தப்பு என்னோடதுன்னு அன்னைக்கும் நான் சொல்லலை. இன்னைக்குத்தான் வெளியில சொல்றேன்.

சரி, இதுல ரீடருக்கு என்ன சம்பந்தம்? கணக்கு போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 20 எம்பின்னா 32 ஜிபி ஏற சுமார் 27 நிமிஷம். ரெண்டு கார்டுக்கு 54 நிமிஷம். வினாடிக்கு 90 எம்பி கொடுக்கிற சாதாரண யூஎஸ்பி 3 ரீடர் இருந்திருந்தா ஒரு கார்டுக்கு 6 நிமிஷம், ரெண்டுக்கும் 12 நிமிஷம். மிச்சம் 40 நிமிஷம். ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்திருக்கலாம். தப்பு என் அவசரத்தால வந்தது, உண்மைதான். ஆனா அந்த அவசரத்தை உண்டாக்கினது மெதுவான ரீடர்.

மடை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் தண்ணி

எங்க ஊர் விவசாயிக்கு இது உடனே புரியும். அணையில எவ்வளவு தண்ணி இருந்தாலும், வாய்க்கால்ல எந்த இடத்துல மடை குறுகலா இருக்கோ அந்த அளவுதான் வயலுக்கு வரும். உங்க படம் கார்டுல இருந்து கம்ப்யூட்டருக்குப் போற வழியில நாலு மடை இருக்கு.

முதல் மடை, கார்டு. யூஎச்எஸ்-1 வகை எஸ்டி கார்டுக்கு உச்ச வேகம் வினாடிக்கு 104 எம்பி. நடைமுறையில 90, 95 வரும். யூஎச்எஸ்-2 வகைக்கு உச்சம் 312. அடையாளம் சுலபம்: கார்டைத் திருப்பிப் பாருங்க, தங்க நிறத் தகடு ஒரு வரிசை இருந்தா 1, ரெண்டு வரிசை இருந்தா 2. கார்டு மேல வி30, வி60, வி90ன்னு போட்டிருக்கறது வேற கணக்கு. வீடியோ எடுக்கும்போது எழுதற வேகம் அதுக்குக் கீழ போகாதுங்கற உறுதி அது. ரீடர் வாங்க அதைப் பார்க்காதீங்க.

ரெண்டாவது மடை, ரீடர். யூஎச்எஸ்-2 கார்டை யூஎச்எஸ்-1 ரீடர்ல போட்டா வேலை செய்யும், ஆனா யூஎச்எஸ்-1 வேகத்துலதான். இங்க ஒரு சந்தேகம் வரும். யூஎச்எஸ்-1 கார்டு மேலயே 170, 200னு போட்டிருக்காங்களேன்னு. சான்டிஸ்க் மாதிரி கம்பெனிகள் தங்களோட சொந்த உத்தியில அந்த வேகத்தைக் கொண்டு வர்றாங்க. அதுக்கு ஏத்த ரீடர் இருந்தாத்தான் அது கிடைக்கும். மத்த ரீடர்ல பழைய 90தான்.

மூணாவது மடை, கேபிளும் போர்ட்டும். இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. டைப்-சிங்கறது வாயோட வடிவம் மட்டும்தான், வேகம் கிடையாது. டைப்-சி வாய் வச்ச யூஎஸ்பி 2.0 ரீடர் கடையில தாராளமா இருக்கு. போன்லயும் அப்படித்தான். ஐபோன் 15ல டைப்-சி இருக்கு, ஆனா வேகம் யூஎஸ்பி 2.0 அளவுதான். 15 ப்ரோவுல யூஎஸ்பி 3 வேகம் உண்டு, ஆனா பெட்டியோட வர்ற கேபிள் யூஎஸ்பி 2.0. அதனால போன்ல நேரா ஏத்தறவங்க, ரீடர் வாங்கறதுக்கு முன்னாடி உங்க போன் எந்த யூஎஸ்பின்னு பாருங்க.

நாலாவது மடை, போய்ச் சேர்ற இடம். சுழல்ற ஹார்டு டிஸ்க் பலதுல நேரா ஏத்தினா வினாடிக்கு 100, 120 எம்பி அளவுலயே நிக்கும். அங்க யூஎச்எஸ்-2 ரீடர் வாங்கிப் பிரயோஜனம் இல்லை. எஸ்எஸ்டிக்கு ஏத்தினாத்தான் அந்தக் காசுக்கு அர்த்தம்.

அப்போ யாருக்கு எது?

பயணம் போறீங்க, ஜேபெக் எடுக்கறீங்க, கார்டு யூஎச்எஸ்-1. உங்களுக்கு யூஎஸ்பி 3 ரீடர் போதும். சில நூறு ரூபாய்ல முடிஞ்சிடும்.

கல்யாணம், விளையாட்டு, பறவைன்னு ரா ஃபைலா சுட்டுத் தள்ளறவங்க, கேமராவும் கார்டும் யூஎச்எஸ்-2ஆ இருந்தா, அதே யூஎச்எஸ்-2 ரீடர் வாங்குங்க. 64 ஜிபி கார்டு யூஎஸ்பி 2.0ல அரை மணி நேரம். யூஎச்எஸ்-1ல 12 நிமிஷம். வினாடிக்கு 250 எம்பி கொடுக்கிற நல்ல யூஎச்எஸ்-2 கார்டும் ரீடரும் இருந்தா நாலரை நிமிஷத்துக்குள்ள.

பெட்டி மேல 5 ஜிபிபிஎஸ், 10 ஜிபிபிஎஸ்னு போட்டிருக்கும். அது பிட் கணக்கு, 8ஆல வகுக்கணும். 5 ஜிபிபிஎஸ்ங்கறது ஏட்டளவுல வினாடிக்கு 625 எம்பி. கழிவு போகவும் யூஎச்எஸ்-2க்கு அது தாராளம். அதனால எஸ்டி கார்டு மட்டும் வச்சிருக்கறவங்க 10 ஜிபிபிஎஸ்க்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டு வச்சிருந்தா மட்டும், குறைஞ்சது 10 ஜிபிபிஎஸ் ரீடர் வாங்குங்க.

வாங்கினதும் வீட்டுல ஒரு சோதனை. ஒரே பெரிய வீடியோ ஃபைலை கார்டுல இருந்து காப்பி பண்ணி வேகத்தைப் பாருங்க. 35 எம்பிக்கு மேல ஏறவே மாட்டேங்குதா? எங்கயோ ஒரு யூஎஸ்பி 2.0 மடை இருக்கு. கேபிளை மாத்துங்க, போர்ட்டை மாத்துங்க, ஹப் இருந்தா எடுத்துட்டு நேரா சொருகுங்க. அப்பவும் ஏறலைன்னா ரீடரைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

மிச்சமாகற நேரத்துல என்ன செய்யணும்?

நான் கடைசியா சொல்ல வர்றது இதுதான். வேகமான ரீடர் சீக்கிரம் தூங்கப் போறதுக்கு இல்லை. சரிபார்க்க நேரம் கிடைக்கறதுக்கு.

காப்பி தானா முடியற வரைக்கும் கார்டைத் தொடாதீங்க. முடிஞ்சதும் கார்டுல எத்தனை ஃபைல், எத்தனை ஜிபி, கம்ப்யூட்டர்ல எத்தனைன்னு ரெண்டையும் ஒப்பிடுங்க. விண்டோஸ்ல டெராகாப்பி மாதிரி ஒண்ணு வச்சிருந்தா, காப்பி பண்ணதும் சரியா வந்திருக்கான்னு அதுலயே சரிபார்க்கலாம். கடைசிப் படத்தைத் திறந்து பாருங்க. முதல் படம் இல்லை, கடைசிப் படம். அப்புறம் இன்னொரு டிஸ்க்குல ரெண்டாவது பிரதி. அதுவும் முடிஞ்ச பிறகுதான் ஃபார்மேட். தப்பித் தவறி அழிச்சுட்டீங்கன்னா, அந்த நிமிஷமே கார்டை வெளியில எடுத்து வச்சிடுங்க. ஒரு படம்கூடப் புதுசா எடுக்காதீங்க.

இன்னொண்ணு. ரீடர் வாங்கற காசுலயே முடிஞ்சா கூடுதலா ஒரு கார்டு வாங்குங்க. அன்னைக்கு எங்ககிட்ட மூணாவது கார்டு ஒண்ணு இருந்திருந்தா, இந்தக் கதையே கிடையாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ ஸ்டூடியோ அண்ணனைப் பார்த்தேன். "அண்ணா, அன்னைக்கு கார்டு பழுதாகலை, நான்தான் பாதியில உருவினேன்"னு சொன்னேன். "தெரியும்பா. கார்டைப் பார்த்தாலே தெரியாதா? சரி, டீ சாப்பிடு"ன்னார். அவ்வளவுதான் பேசினோம். அந்த வீட்டுக்கு நான் இன்னும் போகலை. போகணும்.

உங்க ரீடர் என்ன வேகம் கொடுக்குதுன்னு இன்னைக்கே சோதிச்சுப் பார்த்து எழுதுங்க. அடுத்த எபிசோடுல பழைய ஹார்டு டிஸ்க்கை எப்போ மாத்தணும்னு பேசுவோம்.